ஆரஞ்சுச் சட்டைகளோடு மினியாபொலிஸுக்கு

வியாழன், ஏப்ரல் 4, 2019 – இண்டியானாபொலிஸ்

விடியற்காலை ஐந்தரைக்குச் சார்லட்ஸ்வில்லிலிருந்து வண்டியை எடுத்தோம். நானும் மகளும் மட்டும்தான். மனைவிக்கு இந்த வாரம் முழுக்க மருத்துவமனையில் இரவுப் பணி. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் டிவியில பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். பின் இருக்கையில் ஒரு கூடைப்பந்து, எலுமிச்சைச் சாதம், இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள். போகிற இடம் மினியாபொலிஸ்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் 68 அணிகள் மோதத் தொடங்கும். ஒரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியில் மிஞ்சும் நான்கு அணிகள் ஓர் ஊரில் கூடி, சனிக்கிழமை அரையிறுதி, திங்கட்கிழமை இறுதி ஆட்டம் ஆடும். எங்கள் ஊர் வர்ஜீனியா பல்கலைக்கழகம் இந்த நான்கில் ஒன்றாக வந்திருக்கிறது. 1984க்குப் பிறகு இப்போதுதான். போன சனிக்கிழமை இரவு இது முடிவானதும் விமானக் கட்டணத்தைப் பார்த்தேன். நெருங்க முடியாத விலை. ஏறத்தாழ 1,150 மைல், வண்டியிலேயே போய்விடலாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் அப்போதே துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இவ்வளவு தூரம் ஏன் போகிறோம் என்று கேட்டால், 2018 மார்ச் 16ஆம் தேதிக்குப் போக வேண்டும். அன்றைக்கு நார்த் கரோலினாவின் சார்லட் நகர அரங்கில் நானும் மகளும் இருந்தோம். வர்ஜீனியா நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த அணி. எதிரே யூ.எம்.பி.சி., பால்டிமோர் பக்கத்து அணி, போட்டியின் பிரிவுத் தரவரிசையில் கடைசியான பதினாறாவது. முதல் தரத்து அணியும் பதினாறாம் தரத்து அணியும் அதுவரை 135 முறை மோதியிருந்தன. 135 முறையும் முதல் தரத்து அணிதான் வென்றிருந்தது. எங்கள் அணியின் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை. அதனால் என்ன என்றுதான் எல்லாரும் இருந்தோம். பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் 74-54. இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

நான்கு நிமிடம் மீதி இருக்கும்போதே எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகத் தொடங்கின. மகள் "அப்பா, போலாமா?" என்றாள். முடியும்வரை இருப்போம் என்றேன். அவளுக்குப் பதினொரு வயது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள்.

அந்த அணியை நான் மனதார நேசிக்கத் தொடங்கியது அன்றிரவுதான். பயிற்சியாளர் டோனி பென்னட் செய்தியாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, எதிரணி நம்மைவிட நன்றாக ஆடியது என்று நேராகச் சொன்னார். காயத்தைக் காரணம் காட்டவில்லை. எங்கள் அணியின் கைல் கை என்ற இளைஞர், யூ.எம்.பி.சி. வீரர்கள் துள்ளிக் குதிக்கும்போது தான் குனிந்து நிற்கும் படத்தைத் தினமும் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டார். தனக்கு மனப்பதற்றம் உண்டு, அதற்கு மருந்து எடுக்கிறேன் என்பதையும் வெளிப்படையாக எழுதினார். இருபது வயதுப் பையன் ஊரறிய அப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

சரி, இன்றைய பயணம். வெஸ்ட் வர்ஜீனியாவின் மலைகளில் இன்னும் மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கின்றன. கனாவா ஆற்றை ஒட்டி வந்து, ஒஹாயோ ஆற்றைக் கடந்து, டேட்டன் வழியாக மாலையில் இண்டியானாவுக்குள் நுழைந்தோம். இந்த மாநிலத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு கூடை இருக்கிறது. மாட்டுக் கொட்டகைச் சுவரில்கூட ரிங் மாட்டியிருக்கிறார்கள். மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், முப்பத்தெட்டில் தூங்கிவிட்டாள். கைல் கை இந்த ஊர்ப் பையன்தான். 2016இல் மாநிலத்தின் சிறந்த பள்ளி வீரர் விருது வாங்கியவர்.

முன்பதிவு செய்த விடுதியில் போய் நின்றால் எங்கள் பெயரில் அறையே இல்லை என்றார்கள். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தும் பயனில்லை. நெடுஞ்சாலையோரம் வேறு ஓர் இடம் கிடைத்தது. எலுமிச்சைச் சாதம் கைகொடுத்தது.

வெள்ளி, ஏப்ரல் 5 – மினியாபொலிஸ்

சிகாகோவை நோக்கி வடக்கே போகிற சாலையில் ஒரு மணி நேரத்தில் லாஃபயெட் வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்டூ பல்கலைக்கழகம். போன சனிக்கிழமை நாங்கள் தோற்கடித்த அணி. பெட்ரோல் போட அங்கே நிறுத்தினேன். கல்லாவில் இருந்த பெரியவர் பர்டூ தொப்பி போட்டிருந்தார். மகளின் ஆரஞ்சுச் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். "அந்தச் சின்னப் பையன் எறிஞ்ச பந்து இருக்கே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். கோபமில்லை, வியப்புதான்.

அந்தப் பந்தைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. லூயிவில்லில் நடந்த ஆட்டம் அது. பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் ஒருவரே 42 புள்ளி எடுத்தார். அதில் பத்து முறை மூன்று புள்ளி வீச்சு. கடைசி ஆறு நொடியில் நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். எங்கள் டை ஜெரோம் எறிந்த ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லாத வீச்சு) ரிங்கில் பட்டுத் தெறித்தது. கினியா நாட்டிலிருந்து வந்த மமாடி டியாகிட்டே அதைத் தட்டிவிட, பந்து பாதி மைதானத்தையும் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டது. முதலாம் ஆண்டு மாணவர் கிஹெய் கிளார்க், ஐந்தடி ஒன்பது அங்குலம்தான், துரத்திப் போய் எடுத்தார். அங்கே ஓரத்தில் ஜெரோம் பந்தைக் கேட்டுக் கை தட்டுகிறார். கிளார்க் அவரைப் பார்த்தும் அவருக்குக் கொடுக்காமல், தூரத்தில் கூடைக்குப் பக்கம் நின்ற டியாகிட்டேக்கு நீளமாக எறிந்தார். டியாகிட்டே கூடையை நோக்கி எறிந்த பந்து கையைவிட்டுப் போன பிறகுதான் மணி அடித்தது. உள்ளே விழுந்தது. 70-70. ஓவர்டைமில் 80-75 என்று ஜெயித்தோம்.

மகள் பள்ளி அணியில் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். வகுப்பிலேயே குள்ளம். கிளார்க் அவளுக்கு யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மதியம் மேடிசன். ஏரி பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தோம். இந்த ஊர் விஸ்கான்சின் அணியை 2000இல் கடைசி நான்குக்குக் கொண்டுபோனவர் டிக் பென்னட், எங்கள் டோனி பென்னட்டின் அப்பா. இப்போது வர்ஜீனியா ஆடும் தடுப்பாட்டம் அவர் உருவாக்கியது. 'பேக் லைன்' என்பார்கள். கூடையைச் சுற்றிப் பதினாறடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவனை ஒருவர் நெருக்குவார். மீதி நான்கு பேரும் கோட்டுக்குள்ளேயே நிற்பார்கள். அவன் எந்தப் பக்கம் புகுந்தாலும் ஒரு ஆள் வழியில் நிற்பார். சடுகுடுவில் பாடி வருபவனை அவசரப்படாமல் வளைக்கிற மாதிரி. இதனால் ஆட்டம் மெதுவாகப் போகும், புள்ளிகள் குறையும், சலிப்பாக இருக்கிறது என்று பலர் ஏசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பாளையங்கோட்டையில் சிமெண்டுத் தரையில் ஆடிய காலத்தில் எங்கள் மாஸ்டர் ஓயாமல் சொன்னது, கையை விடக் காலுக்கு வேலை கொடு என்பதுதான். பென்னட்டின் பையன்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

இரவு ஒன்பதுக்கு மச்சினன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மினியாபொலிஸ் புறநகர். "அத்தான், ஆட்டம் கிடக்கட்டும், முதல்ல சாப்பிடுங்க" என்றான். சொதியும் இஞ்சித் துவையலும். இதற்கு மேல் இன்று எழுதத் தெம்பில்லை.

சனி, ஏப்ரல் 6 – அரையிறுதி

மணி நள்ளிரவு தாண்டிவிட்டது. கை இன்னும் நடுங்குகிறது.

மதியம் ஃபோர்ட் ஸ்னெல்லிங் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நீல வழித்தட ரயிலில் போனோம். பெட்டி முழுக்க ஆரஞ்சும் கருநீலமும். அடடா, எவ்வளவு நம் ஆட்கள் என்று மகள் பூரித்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் இன்று எங்களோடு மோதும் ஆபர்ன் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நிறம் ஒன்றே.

யு.எஸ். பேங்க் ஸ்டேடியம் அமெரிக்கக் கால்பந்துக்காக 2016இல் திறந்த அரங்கம். கூரையின் பெரும்பகுதி ஒளி புகும் படலம். பகல் வெளிச்சம் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்காமலிருக்க இந்த ஆட்டங்களுக்காகக் கறுப்புத் திரைகளால் மறைத்திருந்தார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். எங்கள் இருக்கை மேல்தட்டில். தரை தபால் அட்டை அளவுக்குத் தெரிந்தது. ஆனாலும் நேரில் பார்ப்பது நேரில் பார்ப்பதுதான். பத்துப் பேரும் ஒரே சமயத்தில் நகர்வது டிவியில் தெரியாது.

ஐந்து நிமிடம் மீதி. 57-47, நாம் பத்துப் புள்ளி முன்னால். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அப்போது ஆபர்ன் தொடர்ந்து பதினான்கு புள்ளி எடுத்தது. 61-57. கண் முன்னால் சார்லட் அரங்கம் வந்துவிட்டது. ஏழு நொடி இருக்கும்போது கைல் கை மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டார், ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டது, 62-60.

அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பந்தைக் கொண்டுவந்த ஜெரோமின் காலில் பந்து பட்டுத் தவறியது. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி தட்டினார். பிடித்த பந்தை மறுபடி தட்டுவது 'டபுள் டிரிப்ளிங்' என்ற விதிமீறல். விசில் வரவில்லை. மேல்தட்டிலிருந்து எனக்கே சந்தேகம் வந்தது. மச்சினன் வீட்டில் ரீப்ளே பார்த்து உறுதியானது. அது ஆபர்னுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பந்து.

பிறகு ஒன்றரை நொடி. ஓரத்திலிருந்து பந்து உள்ளே வந்தது. மூலையில் கைல் கை குதித்து எறிந்தார். ரிங்கில் பட்டு வெளியே போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஆபர்ன் வீரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த ஆபர்ன் பாட்டி ஒருவர் கணவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் மகள் முகத்தைப் பார்க்கவே பயந்து நின்றேன். அப்போது கீழே நடுவர் கையை உயர்த்தியபடி நிற்பது தெரிந்தது. ஃபவுல். எறியும்போது கைல் கையின் கால் இறங்கும் இடத்தில் உடம்பால் மோதிவிட்டார் எதிராளி. இது சரியான தீர்ப்பு; எத்தனை முறை பார்த்தாலும் சரிதான்.

மூன்று ஃப்ரீ த்ரோ. கடிகாரத்தில் 0.6 நொடி. கைல் கை சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பதற்றத்துக்கு மருந்து எடுக்கிறேன் என்று எழுதிய அதே பையன். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவர் மனதைக் குலைக்க ஆபர்ன் டைம் அவுட் கேட்டது. அந்த நேரம் முழுவதும் மகள் கண்ணை மூடவே இல்லை. "அவர் போட்டுருவாரு அப்பா" என்றாள். போட்டார். 63-62.

பாட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்பும்போது மகளின் தலையைத் தொட்டு, "திங்கட்கிழமை ஜெயிங்க" என்றார். எங்களுக்குச் சார்லட்டில் நடந்தது இன்று அவருக்கு. அதைவிடவும் கொடுமை. என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது அரையிறுதியில் டெக்ஸஸ் டெக் 61-51 என்று மிச்சிகன் ஸ்டேட்டை வென்றது.

ஞாயிறு, ஏப்ரல் 7 – ஆற்றங்கரை

மச்சினன் ஊர் சுற்றிக் காட்டினான். மிசிசிப்பி ஆற்றின் செயிண்ட் அந்தோனி அருவியும் பழைய ரயில் பாதையான கல்வளைவுப் பாலமும் ஒரே இடத்தில். இந்த அருவியின் விசையில்தான் ஒரு காலத்தில் இங்கே மாவு ஆலைகள் ஓடின. 1878இல் மாவுத் தூசி தீப்பிடித்து ஆலை வெடித்து 18 பேர் இறந்திருக்கிறார்கள். பிறகு கட்டிய ஆலையும் 1991இல் தீயில் அழிந்தது; அதன் இடிந்த சுவர்களை அப்படியே விட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பாலம் முழுக்க நான்கு அணிகளின் சட்டைகள்.

அங்கே ஒருவர் எங்கள் சட்டையைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். சார்லட்ஸ்வில் என்றேன். "கைல் கை ஆடுற ஊரா!" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 2017 ஆகஸ்டில் வெள்ளை இனவெறியர்கள் தீப்பந்தம் ஏந்தி எங்கள் பல்கலைக்கழகத்துக்குள் ஊர்வலம் போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருவன் கூட்டத்துக்குள் காரை விட்டு ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைக் கொன்றான். அன்றிலிருந்து ஊர் பெயரைச் சொன்னாலே கேட்பவர் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார், பிறகு "நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்பார். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக ஒருவர் ஊர் பெயரைக் கேட்டுச் சிரித்தார். கூடைப்பந்தால் அந்தக் காயம் ஆறாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

மாலையில் பெண்கள் இறுதி ஆட்டம், ஃபுளோரிடாவின் டாம்பாவில். மச்சினன், அவன் மனைவி, மகள், நான் எல்லாரும் டிவி முன்னால். பேய்லர் 82-81 என்று நாட்டர்டேமை வென்றது. க்ளோயி ஜாக்சன் நான்கு நொடி இருக்கும்போது புகுந்து போட்ட பந்தை மகள் மூன்று முறை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தாள். எந்தக் காலில் எழும்பினார் என்று பார்த்தாளாம்.

பென்னட் இந்த வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்ன வாசகம் ஒன்று உண்டு. அவர் மனைவி காட்டிய ஓர் உரையில் கேட்டது. துன்பத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத ஓர் இடத்துக்கு அது சீட்டு வாங்கித் தரும் என்பது அதன் சாரம். எல்லாரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முழுசாக ஒப்பவில்லை. சார்லட் தோல்வி நல்லதுக்குத்தான் என்று அழுத பிள்ளையிடம் என்னால் சொல்ல முடியாது. அது வெறும் தோல்விதான். அதை ஒளிக்காமல், ஊர் ஊராகப் போய் அதே கேள்விக்கு ஒரு வருடம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

திங்கள், ஏப்ரல் 8 – இறுதி ஆட்டம்

வர்ஜீனியா, டெக்ஸஸ் டெக் இரண்டும் இதற்கு முன் இறுதி ஆட்டம் ஆடியதே இல்லை. இரண்டும் தடுப்பாட்டத்துக்குப் பெயர்போனவை. ஐம்பது புள்ளிகூட வராது என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கவே இரவு 8.20 ஆகிவிட்டது.

பாதியில் 32-29, நாம் மேலே. ஆனால் எங்கள் டிஆண்ட்ரே ஹண்டர் எட்டு முறை எறிந்து ஒன்றுதான் போட்டிருந்தார். போன வருடம் மணிக்கட்டில் கட்டோடு தோல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். டெக்ஸஸ் டெக்கின் நட்சத்திரம் ஜாரெட் கல்வரை நிறுத்தும் பொறுப்பும் அவருக்கே. இரண்டாம் பாதியில் அவர் வேறு ஆளாக வந்தார். எறிய இடமில்லாவிட்டால் புகுந்தார். புக விடாவிட்டால் எறிந்தார்.

பத்துப் புள்ளி முன்னிலை மறுபடியும் கரைந்தது. நான் மகளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. 35 நொடி இருக்கும்போது கல்வர் போட்டு டெக்ஸஸ் டெக் 66-65. பிறகு நோரென்ஸ் ஒடியாசி இரண்டு ஃப்ரீ த்ரோ. 68-65. இன்னும் 22 நொடி.

ஜெரோம் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார். தடுக்க எல்லாரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். வலது மூலையில் ஹண்டர் தனியாக நின்றார். ஜெரோம் பார்க்காத மாதிரி அங்கே தள்ளினார். ஹண்டர் நிதானமாக எழும்பி எறிந்தார். 68-68. எழுபதாயிரம் பேர் கத்தினால் சத்தம் காதில் கேட்பதில்லை, நெஞ்சில் கேட்கிறது. கடைசி நொடியில் கல்வர் எறிந்ததை பிராக்ஸ்டன் கீ தட்டிவிட்டார். ஓவர்டைம்.

ஓவர்டைமில் டெக்ஸஸ் டெக் 73-70 என்று முந்தியது. கைல் கை இரண்டு ஃப்ரீ த்ரோ. அடுத்து மறுபடி ஹண்டர், மறுபடி மூன்று புள்ளி, 75-73. அதற்குப் பிறகு நாம் பின்தங்கவே இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, பன்னிரண்டும் உள்ளே. 85-77. ஹண்டர் 27 புள்ளி, அதில் 22 இடைவேளைக்குப் பிறகு. கைல் கை 24, ஜெரோம் 16. கல்வர் 22 முறை எறிந்து ஐந்துதான் போட முடிந்தது. ஹண்டரின் பாதி ஆட்டம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சிறந்த வீரர் விருது கைல் கைக்கு. என்னைக் கேட்டால் ஹண்டரோடு பாதி பாதியாகக் கொடுத்திருப்பேன்.

வண்ணத் தாள்கள் பொழிந்தன. எங்கள் மேல்தட்டு வரை ஒன்றுகூட வரவில்லை. ஆட்டம் முடிந்து கீழே இறங்கியபோது படிக்கட்டில் ஒட்டிக் கிடந்த ஒன்றை மகள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஜெயித்த அணியின் வழக்கப்படி ஏணி போட்டு ஒவ்வொருவராகக் கூடையின் வலையை அறுத்தார்கள். கிளார்க் ஏறும்போது மகள் கத்திய கத்தலில் குரல் போய்விட்டது. பல்கலைக்கழகம் தொடங்கி இது 200ஆவது வருடம். அதன் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இதுதான் முதல் தேசியப் பட்டம். தோள் மேல் தோள் போட்டு எல்லாரும் எங்கள் பல்கலைக்கழகப் பாட்டைப் பாடினோம். வரிகள் எனக்குப் பாதிதான் தெரியும். முன்வரிசையில் ஒரு வயதானவர், சார்லட்டிலும் இருந்தாராம். "நீங்களும் முடியுற வரைக்கும் இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டார்.

செவ்வாய், ஏப்ரல் 9 – சாலையில்

புதன்கிழமை முதல் மினசோட்டாவில் பெரும் பனிப்புயல் என்று எச்சரிக்கை. நான்கு மணி நேரம்தான் தூங்கினோம். மச்சினன் கட்டிக்கொடுத்த இட்லியோடு காலையிலேயே கிளம்பிவிட்டோம். விஸ்கான்சின் முழுக்க மகள் தூக்கம்.

பிற்பகலில் இண்டியானா எல்லையைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் காபி குடிக்கும்போது மனைவி அழைத்தாள். இரவுப் பணி முடித்து இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, பக்கத்து வீட்டாரோடு பல்கலைக்கழகத்தின் ஜான் பால் ஜோன்ஸ் அரங்கத்துக்குப் போயிருக்கிறாள். அணி விமானத்தில் வந்து இறங்கிவிட்டதாம், வரவேற்க ஆயிரக்கணக்கில் கூட்டமாம். அவள் சொல்வது ஒன்றும் புரியவில்லை, ஒரே இரைச்சல். மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, வராத குரலில் கேட்டாள்: "அம்மா, கிஹெய் வந்துட்டாரா? எங்க நிக்காரு? போனைத் திருப்பிக் காட்டும்மா!"